கால்மாட்டுப் பக்கம்

“எனக்கு வேற ஆளைப் போடுங்க டீச்சர்” என்றான் தில்லைநாயகம்.

அவன் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். நான்கு வருடங்களில் அவன் கை பட்டுப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். அது அவனுக்கும் தெரியும். அதுதான் தொல்லை.

பொன்மலர் டீச்சர் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள். எந்த வண்டிக்கு யார் என்று முடிவு செய்வதும் அவள்தான்.

“சந்தியாகு அண்ணனுக்கு என்ன குறைச்சல்?”

“டிரைவர் டிரைவரா இருக்கணும்லா? நேத்து ஒரு பெரியவர் பிழைச்சு வந்து துண்டு போத்துனாரு. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. நெஞ்சை அமுக்கி உசுரைக் கொண்டாந்தது நான். அவரு ஸ்டீரிங்கைத்தான பிடிச்சிருந்தாரு?”

“ஒரே மாதிரித் துண்டா?”

“அதே ஜரிகை டீச்சர்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவன் ஒரு கடிதத்தை நீட்டினான். சந்தியாகுவை மலையடிவாரத்து நிலையத்துக்கு மாற்றச் சொல்லி எழுதியிருந்தான். சந்தியாகுவின் மனைவிக்கு வாரம் இரண்டு முறை இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். தில்லைநாயகத்துக்கு அது தெரியாததல்ல. மண்டைக்கனம் ஏறிவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும்.

டீச்சர் கடிதத்தைப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“கையெழுத்துப் போடுதேன். அதுக்கு முன்னால என்னைக் கீழே எறக்கு.”

“எறக்கவா?”

“ஸ்ட்ரெச்சர்ல. இது மூணாவது மாடி. நான் எண்பத்திரண்டு கிலோ, இப்பவே சொல்லிட்டேன். அண்ணனைக் கூப்பிடு.”

சந்தியாகு வண்டி கழுவிய ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. டீச்சரைப் படுக்கவைத்து பெல்ட் மாட்டினார். வழக்கம்போல் கால்மாட்டுக்குப் போனார்.

“அண்ணே, நீங்க தலைமாட்டுக்கு வாங்க. இன்னைக்கு இவன் அங்க பிடிக்கட்டும்.”

படியில் இறக்கும்போது நோயாளியின் கால்தான் முன்னால் போகும். கால்மாட்டில் பிடிப்பவர் நோயாளியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க வேண்டும். பாரமெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். அடுத்த படி எங்கே என்று அவருக்குத் தெரியாது. நான்கு வருடமாக அது சந்தியாகுவின் இடம்.

தில்லைநாயகம் ஒரு காலைப் பின்னால் நீட்டித் துழாவினான். படி அகப்படவில்லை.

“பயப்படாதீங்க சார்” என்றார் சந்தியாகு. “நான் சொல்லுதேன். இன்னும் கொஞ்சம் பின்னால. ஆங், முதப் படி. எறங்குங்க. ரெண்டு. எறங்குங்க. அடுத்தது ஓரம் உடைஞ்சிருக்கு, சுவரோட ஒட்டிக் காலை வைங்க.”

வைத்தான்.

“இன்னும் நாலுதான், அப்புறம் திருப்பம். கை வலிச்சா சொல்லுங்க, நிப்போம். ஒரு அவசரமும் இல்ல.”

நடை பழகும் குழந்தையிடம் பேசுகிற குரல் அது.

இரண்டாவது மாடியில் அவன் சட்டை நனைந்துவிட்டது. முதல் மாடிக்கு வந்தபோது துழாவுவதை விட்டிருந்தான். அந்தக் குரல் சொன்ன இடத்தில் கால் தானாகப் போய் நின்றது.

“கடைசிப் படி. அவ்வளவுதான் சார். தரை வந்துட்டு.”

ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்தார்கள்.

டீச்சர் படுத்தபடியே கையை நீட்டினாள்.

“கடிதத்தைக் கொடு. சொன்ன சொல் தப்ப மாட்டேன்.”

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. சந்தியாகுவின் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, இந்த நாலு வருஷத்துல நான் உங்களுக்கு ஒரு தடவையாவது படி சொல்லியிருக்கேனா?”

சந்தியாகுவுக்குச் சங்கடமாகப் போயிற்று. குனிந்து டீச்சரின் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

“அதெல்லாம் எதுக்கு சார்? உங்களுக்கு நோயாளியைப் பாக்கணும்லா.”

“அப்ப எப்படி எறங்குனீங்க?”

“மேல ஏறயிலேயே எண்ணி வச்சுக்கிடுவேன்.”