உப்பில்லாக் கஞ்சி

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு வைத்தியசாலை இருந்தது. அதை நடத்தியவர் ஆவுடைநாயகி. பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டராக இருந்தவர். நாடி பார்க்கவும் கற்றுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். வயது நாற்பத்தைந்துதான். ஆனாலும் அவரைவிட மூத்த சீடர்கள்கூட அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவருடைய ஆராய்ச்சி ஒன்றே ஒன்று. வயசானால் ரத்தக்குழாய் ஏன் விறைத்துப்போகிறது? விறைத்தால் இதயம் என்ன பாடுபடுகிறது? கழுத்தில் ஒன்று, தொடையில் ஒன்று என்று கருவியைப் பொருத்துவார்கள். கழுத்தில் துடித்த துடிப்பு தொடைக்கு எவ்வளவு வேகத்தில் போய்ச் சேர்ந்தது என்று மெஷின் ஒரு சீட்டில் அடித்துக் கொடுக்கும். மெத்தென்ற குழாயில் துடிப்பு நிதானமாகப் போகும். விறைத்த குழாயில் பிய்த்துக்கொண்டு ஓடும். எண் கூடக் கூட ஆபத்து.

வருஷத்துக்கு ஒரு தடவை சீடர் ஒருவர் அந்த மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறி, மேலே இருக்கும் ஊர்களில் வயசாளிகளை அளந்து வர வேண்டும். எட்டு வருஷமாக ஏறியவர் சிவனணைந்தான். வயது நாற்பத்தொன்பது, அம்மாவின் முதல் சீடர். இந்த வைத்தியசாலைக்கு முதல் ஓலை வேய்ந்தது நான்தான் என்று தினம் ஒரு ஆளிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் அம்மா சொன்னார். "இந்தத் தடவை மாசானம் போகட்டுமான்னு யோசிக்கிறேன்."

மாசானம் வந்து சேர்ந்து பதினோரு மாசம்தான். வயது அறுபத்தேழு. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்டியரிங் பிடித்த கை நாடியையும் பதமாகப் பிடிக்கிறது என்று அம்மா ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொல்லிவைத்தார். அன்றைக்கு சிவனணைந்தான் வயிற்றில் பற்றிய நெருப்பு அணையவே இல்லை. பொறாமைதான், வேறென்ன? மாசானம் சிரித்தால் எரிந்தது. அந்த மனுஷன் தும்மினால்கூட எரிந்தது.

நேரே அம்மாவிடம் போய்க் கேட்டார்.

"அந்தக் கிழவர்கிட்ட என்னைவிட அப்படி என்னம்மா இருக்கு?"

அம்மா அவரை மூலிகைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே தண்ணீர் டிரம்மில் ஒரு கைப்பம்பு உண்டு. வெயிலில் கிடந்து காய்ந்து கட்டையாகிப்போன பழைய ஓஸ் ஒன்றை அதில் மாட்டினார்.

"அடிங்க."

சிவனணைந்தான் அடித்தார். அடிக்கும்போது தண்ணீர் சுள்ளென்று பாய்ந்தது. கையை எடுத்தால் நின்றது. பம்பு எதிர்த்துத் தள்ளியது. முப்பது அடிக்குள் தோள்பட்டை விட்டுப்போயிற்று.

அம்மா அதைக் கழற்றிவிட்டுப் புது ரப்பர் ஓஸை மாட்டினார். அதே பம்பு, அதே கை. ஒவ்வொரு அடிக்கும் ஓஸ் லேசாக உப்பி, பிறகு அடங்கியது. தண்ணீர் விட்டு விட்டு வராமல் ஒரே சீராகப் போயிற்று. கையும் வலிக்கவில்லை.

"இது ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுது. அது விடாது. கஷ்டம் பம்பு அடிக்கிறவருக்கு."

"இதயத்தைச் சொல்லுதீங்க. இது எனக்குத் தெரியாதாம்மா? பன்னிரண்டு வருஷமாப் படிச்ச பாடம். நான் கேட்டது கிழவரைப் பத்தி."

"நாளைக்கு ரெண்டு பேரும் அளந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

ஊரை அளக்கப் போகிறவர் முதலில் தன்னை அளந்துகொள்ள வேண்டும். அது அங்கே வழக்கம். ஒருவரை ஒருவர் அளப்பார்கள். யார் எண் குறைவோ அவர் மலை ஏறலாம்.

மறுநாள் காலை மாசானத்தைப் படுக்கவைத்து சிவனணைந்தான் அளந்தார். சீட்டைக் கிழித்துப் பார்த்தார். எட்டு புள்ளி நாலு. நாற்பது வயசுக்காரனுக்கு வர வேண்டிய எண்! அறுபத்தேழு வயசுக்காரருக்கு இது எப்படி? அடிவயிற்றிலிருந்து கபகபவென்று எரிந்தது.

பிறகு அவர் படுத்தார். மாசானம் அளந்தார். மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சீட்டைக் கிழித்து நீட்டினார். "இந்தாங்க அண்ணாச்சி." அந்தப் பக்கத்தில் மரியாதைக்கு யாரையும் அண்ணாச்சி என்பார்கள், இளையவரானாலும்.

பன்னிரண்டு புள்ளி ஆறு.

சிவனணைந்தான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வருஷம் ஒன்பதுதானே? வறுத்த மோர்மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டதில்லை, சரி. இந்தப் பதினோரு மாசமாகச் சரியான தூக்கமும் இல்லை. அதுக்காக இவ்வளவா?

மெஷின் தரும் சீட்டில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெயர் எழுதும் வேலை எப்போதும் சிவனணைந்தானுக்குத்தான். பேனாவை எடுத்தார். இந்த டிரைவருக்கு நம்பரைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். எட்டு புள்ளி நாலில் தன் பெயரை எழுதினார். பன்னிரண்டு புள்ளி ஆறில் மாசானம் என்று எழுதினார்.

"எனக்கு எவ்வளவு அண்ணாச்சி?"

"பன்னிரண்டு புள்ளி ஆறு, பெரியவரே."

மாசானம் சீட்டைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் அம்மா சீட்டு ரெண்டையும் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்.

"மழை விட இருபது நாள் ஆகும். அதுக்கப்புறம் சிவனணைந்தான் ஏறலாம். மாசானம், உங்களுக்கு உப்பு ஆகாது. ஒருத்தருக்குன்னு தனிப்பானை வைக்க இங்க ஆள் இல்லை. அதனால எல்லாருக்கும் இனிமே உப்பில்லாக் கஞ்சிதான். ஊறுகாய் ஜாடியை உள்ளே வச்சுப் பூட்டுங்க. தினமும் ஆத்தங்கரை வரைக்கும் நடக்கவும் செய்யணும். வயசானவரைத் தனியா விடக்கூடாது. சிவனணைந்தான், நீங்க கூடப் போய்ட்டு வாங்க."

கேட்க வேண்டுமா? ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் சிவனணைந்தான் மாசானத்தைத் திட்டினார். "ஒருத்தர் சீக்குக்கு ஊரே பத்தியமா? நல்ல நியாயம்வே!" மாசானம் தலையைக் குனிந்துகொண்டு குடிப்பார். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. என்னால உங்களுக்கும் கஷ்டம்."

நடை அதைவிடக் கொடுமை. முதல் நாள் பாதி வழியிலேயே சிவனணைந்தானுக்கு நெஞ்சு படபடத்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? எட்டு புள்ளி நாலு ஆயிற்றே! அந்த நேரம் பார்த்து மாசானம், "எனக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் உக்காருவமா?" என்பார். நல்லவேளை என்று சிவனணைந்தானும் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தபடியே, "இந்த உடம்பை வச்சுக்கிட்டு மலை ஏற ஆசைப்பட்டீராக்கும்" என்று குத்தவும் செய்வார்.

திரும்பி வந்தால் அம்மா வாசலில் நிற்பார். "மாசானம், எப்படி இருக்கு? மயக்கம் இல்லையே?" தினமும் இதே விசாரிப்பு. எட்டு வருஷம் மலை ஏறி இறங்கியிருக்கிறோம், நம்மை ஒரு நாள் இப்படிக் கேட்டதுண்டா? நல்ல எண்ணைத் திருடினோம், கவனிப்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டதே! அந்தப் பன்னிரண்டை நாமே வைத்துக்கொண்டிருக்கலாமோ என்றுகூட சிவனணைந்தானுக்கு ஒரு நாள் தோன்றியது. பொறாமைக்குக் கண்ணா இருக்கிறது?

இருபது நாள் போயிற்று. மழை விட்டது. சிவனணைந்தான் மெஷின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். உள்ளுக்குள் பயம்தான். போகிற வழியில் நெஞ்சு நின்றுவிட்டால் தூக்கி வர ஆள் கிடையாது. ஆனால் போகாமல் இருந்தால் அந்தப் பெட்டி மாசானம் தோளுக்குப் போய்விடும். அதற்குச் சாவதே மேல் என்று இருந்தது அவருக்கு.

மாசானம் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார்.

"மேல உள்ளவங்க கருவாட்டுக் குழம்பு வச்சுக் குடுப்பாங்க அண்ணாச்சி. தொடாதீங்க. இதுல உப்பில்லாப் பொங்கல் இருக்கு. ரெண்டு வேளைக்குத் தாங்கும்."

"உப்பில்லாம எனக்கு எதுக்குவே? சீக்கு உமக்குத்தானே?"

மாசானம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்துவிட்டு, தூக்குச்சட்டியைப் பெட்டியின் வாரில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

சிவனணைந்தான் அப்படியே நின்றார். ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் இந்த மனுஷன் மூச்சு வாங்குது என்று உட்கார்ந்த இடமெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு நாள்கூட மாசானத்துக்கு நிஜமாக மூச்சு வாங்கிப் பார்த்ததில்லை.

பெட்டியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் போனார். அம்மா வாசல்படியிலேயேதான் நின்றிருந்தார்.

"அம்மா, அந்தச் சீட்டு ரெண்டும்..."

"தெரியும். தினமும் காலையில உங்க கையைப் பிடிச்சுப் பார்க்கிறேனே. ஆராய்ச்சி நோட்டுல அன்னைக்கே சரியா எழுதியாச்சு."

"என்னை ஏற விட்டிருப்பீங்களா?"

"வாசலைத் தாண்டினதும் கூப்பிடணும்னுதான் இங்க நிக்கிறேன்."

"அவருக்கு... அவருக்குத் தெரியுமா?"

"மெஷின் காட்டுறது வேகம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு வேகத்தைப் பார்த்தாத் தெரியாதா? அன்னைக்கு மத்தியானமே வந்து சொல்லிட்டார்."

சிவனணைந்தான் கேட்டார். "அப்ப அந்தக் கஞ்சி?"

"அவர் யோசனைதான். 'அண்ணாச்சிக்குன்னு சொன்னா அவர் தொட மாட்டாரு. எனக்குன்னு சொல்லிப் பொதுப்பானையில உப்பை நிறுத்துங்க'ன்னார். நடையும் அப்படித்தான்."

உள்ளே மாசானம் யாரோ ஒரு நோயாளியிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிவனணைந்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பெட்டியை நீட்டினார்.

"இதை அவர்கிட்டக் குடுத்துருங்கம்மா."

"நீங்களே குடுங்க."

சிவனணைந்தான் பெட்டியைப் படியில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "என் மேல அவருக்குக் கோபமே வரலியாம்மா?"

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்றார் அம்மா. "'பின்னால ஒருத்தர் விடாம ஹாரன் அடிச்சா, அவருக்கு என்ன அவசரமோன்னு கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டுத்தான் எனக்குப் பழக்கம்'னார்."