தாயில்லாத முட்டைகள்

தங்கப்பழத்தின் கை இரும்பு அடிக்கும் கை. தூத்துக்குடியில் கிரில் பட்டறை வைத்திருந்தார். மனக்குழப்பம் வந்தால் அவர் வழி கேட்டுப் போகும் குரு இளம்பரிதி அவரைவிட வயதில் சிறியவர். சீடர் குருவை 'ஐயா' என்பார்; குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆண்டு ஆடியில் தங்கப்பழத்தின் தங்கை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய கணவன் அதற்கு முன்பே இறந்துவிட்டான். ஐந்து வயது மகள் முத்தரசி ஒரு துணிப்பையோடு மாமன் வீட்டுக்கு வந்தாள். தங்கப்பழம் கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

"ஆம்பள கையில பொட்டப்புள்ள வளருமாடா?" என்றாள் மூத்த அக்கா சிவகாமி. "ஒரு விடுதியில சொல்லி வச்சிருக்கேன். காலாண்டு லீவு முடியவும் வண்டி அனுப்புறேன். பேசாம ஏத்தி விடு."

தங்கப்பழம் குருவிடம் போனார்.

குருவின் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. பாசிக்கும் கல்லுக்கும் நடுவே நகத்தளவு சிவப்பு இறால்கள். முதன்முதலில் பார்த்த அன்று, "இத்தனையும் அள்ளிக் குழம்பு வச்சாலும் ஒரு கரண்டிக்குக் காணாதே ஐயா" என்று கேலி செய்தவர் தங்கப்பழம்தான். இன்று அவருக்குக் கேலி வரவில்லை.

"தாய் இல்லாத பிள்ளைய, தாய் அல்லாத ஒருத்தன் வளர்க்க முடியுமா ஐயா?"

குரு தொட்டியின் அடியைக் காட்டினார். ஓர் இறால் ஒருக்களித்துக் கிடந்தது. வயிற்றின் கீழ், கடுகைவிடச் சிறிதாய், மஞ்சள் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

"காலையில செத்துட்டா."

"அப்ப முட்டையும் போச்சு."

"தாய்தான் போயிருக்கா, அண்ணாச்சி. கையக் கழுவிட்டு வாங்க. சோப்பு வேண்டாம்."

குரு அவர் கையில் மெல்லிய பிரஷ் ஒன்றைக் கொடுத்தார்.

"நானா? என் கையப் பாத்தீங்களா?"

"பிரஷ்தானே தொடப்போகுது."

இரும்பை வளைக்கிற விரல்களில் பிரஷைப் பிடித்து, தங்கப்பழம் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நெற்றி வியர்த்தது. குரு அவற்றைப் பிளாஸ்டிக் டீ வடிகட்டியில் இட்டு, பெரிய தொட்டியின் தண்ணீரையே நிரப்பிய சிறு தொட்டியில் மிதக்கவிட்டார். அடியில் ஏர் மோட்டாரின் குழாயை வைத்தார். குமிழ்கள் எழுந்தன. முட்டைகள் மெல்லப் புரண்டன.

"வீட்டுக்குக் கொண்டு போங்க."

"என்ன ஊட்டணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"சூடு குடுக்கணுமா?"

"தூத்துக்குடியிலயா?"

"பின்ன என்னதான் ஐயா செய்யணும்?"

"முட்டையச் சுத்தித் தண்ணி அசைஞ்சுகிட்டே இருக்கணும். நின்னுட்டா பூஞ்சை புடிச்சுரும். பஞ்சு மாதிரி வெளுத்தத மட்டும் எடுத்துப் போடுங்க."

"நான் கேட்ட கேள்வி?"

"பொரிஞ்சதும் வாங்க."

"பொரியாட்டி?"

"அப்பவும் வாங்க."

வீட்டில் முத்தரசி தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "இதுங்க அம்மா எங்க மாமா?"

தங்கப்பழம் மோட்டாரைத் திருகுவதுபோல் குனிந்துகொண்டார். "மோட்டார் ஓடுதா, பாரு."

"ஓடுது" என்றாள் அவள். அதன்பின் கேட்காமலே அடிக்கடி சொன்னாள்: "ஓடுது மாமா."

சில முட்டைகள் வெளுத்தன. எடுத்துப் போட்டார். ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தினார்கள். மோட்டார் ஓய்ந்தது. குமிழ்கள் நின்றன. பட்டறையும் ஓடாது. தங்கப்பழம் தொட்டியருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு டீஸ்பூனால் வடிகட்டிக்குள் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினார். மின்விசிறி இல்லாத புழுக்கத்தில் முத்தரசி அவர் மடியில் தூங்கிப்போனாள். வலது கை ஸ்பூனை அசைத்தது. இடது கை காலண்டர் அட்டையால் அவளுக்கு விசிறியது. கால் மரத்துப்போனது. பொழுது சாய்ந்து மோட்டார் மறுபடி உறுமும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பின்தான் அது நடந்தது. முத்தரசிதான் முதலில் பார்த்தாள்.

"மாமா, முட்டை நம்மளப் பாக்குது!"

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்கப்பழம் குனிந்தார். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். நேற்று இல்லாதவை. அன்று பட்டறையில் சுத்தியலைத் தூக்கிய கை பலமுறை பாதியில் நின்றது.

பிறகு ஒரு காலையில் வடிகட்டியில் ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு உயிரே போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் விழும்படி தொட்டியை மெல்லத் திருப்பினார்.

ஒரு கண்ணாடி இழை துள்ளியது.

அதற்குக் கால்கள் இருந்தன, மீசை இருந்தது, விரித்த வால் இருந்தது. எள்ளளவுகூட இல்லாத உடம்பில் ஓர் இறாலுக்கு வேண்டிய எதுவும் குறையவில்லை. உடம்புக்குள் ஒரு புள்ளி விடாமல் துடித்தது. அது இதயம் என்று அவருக்குத் தெரிய நேரமாயிற்று. இன்னொன்று துள்ளியது. இன்னொன்று. தன் மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். முத்தரசியும் பொத்திக்கொண்டாள்.

இருவரும் அப்படியே குருவிடம் போனார்கள்.

"பொரிஞ்சிருச்சு ஐயா."

குரு முத்தரசியைப் பார்த்துச் சிரித்தார்.

"நாளைக்கு அக்கா வண்டி அனுப்புறா" என்றார் தங்கப்பழம். "பெட்டி கட்டியாச்சு. இன்னைக்கே பதில் சொல்லணும். அதுக்குள்ள இது வேற. அந்தக் கண்ணு, காலு, அந்தத் துடிப்பு, இதுல எதையுமே நான் குடுக்கல. தண்ணிய அசைச்சேன், அவ்வளவுதான். தாய் வேற, நான் வேறதானே ஐயா?"

குரு அவரைத் தொட்டியருகே அழைத்துப் போனார். பாசியின்மேல் ஒரு பெண் இறால் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றடியிலும் மஞ்சள் கொத்து. முன்கால்கள் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன. வயிற்றுக்குக் கீழே இருந்த துடுப்புக் கால்கள் மட்டும் முட்டைகளுக்கிடையே முன்னும் பின்னும், முன்னும் பின்னும், நிற்காமல் போய்வந்தன.

தங்கப்பழம் மண்டியிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ என்ன செய்யுறா ஐயா?"

"தண்ணிய அசைக்குறா, அண்ணாச்சி. அவ்வளவுதான்."

தங்கப்பழம் எழுந்திருக்கவில்லை. முத்தரசி வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். சட்டைப்பையில் போன் அடித்தது; அக்காதான். அடித்து, அடித்து, ஓய்ந்தது.