பட்டை போட்ட அரண்மனை

மருதவளநல்லூர் ராஜா கேசவராயருக்கு நல்ல மனசு, நல்ல மீசை, நல்ல பசி எல்லாம் இருந்தன. வேலைதான் குறைச்சல். அதனால் அவ்வப்போது ஏதாவது யோசனை வரும். அவருக்கு யோசனை வந்தால் ஊருக்குத்தான் வம்பு. அந்த வம்பைத் தடுப்பதற்கென்றே சபையில் ஆராவமுதன் என்றொரு மந்திரி இருந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நெசவாளர் தெரு முழுக்க நீலச் சுவர். குயவர் தெரு செம்மண் நிறம். செக்காட்டுகிறவர்கள் தெரு மஞ்சள். தெருப்பெயரை யாரும் சொல்வதே இல்லை. "நீலத்தில் பெண் எடுத்தோம், மஞ்சளில் பெண் கொடுத்தோம்" என்றுதான் பேச்சு. வெள்ளையும் காவியுமாகப் பட்டை போட்ட மதில் பெருமாள் கோயிலுக்கு மட்டும்.

ஒருநாள் விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா, "உங்கள் ஊரிலேயே அழகு அந்தக் கோயில் மதில்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிட்டோமா, கை கழுவினோமா என்று போகக்கூடாதா மனுஷர்?

மறுநாளே ஆணை பிறந்தது. "இனி ஊரில் எல்லாச் சுவருக்கும் பட்டைதான். நீலமும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம்."

ஆராவமுதன் வாயைத் திறந்தார். ராஜா கையை உயர்த்தினார்.

"ஓய், நீர் என்ன சொல்வீர் என்று தெரியும். இந்த ஆணைக்கு எதிராக ஒரு வார்த்தை பேசினாலும் உம்முடைய பதவி போச்சு. ஏணியும் சுண்ணாம்பு வாளியுமாக ஊர் முழுக்க நீரேதான் பட்டை அடிக்க வேண்டும்."

ஆராவமுதன் ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் ஏறியதே இல்லை. ஆனால் ஊரை நினைத்தால் வயிறு எரிந்தது. நீலத்தெருவில் நீலம் இல்லாவிட்டால் அதென்ன ஊர்? பதவியும் போகக்கூடாது, ஊரின் நிறமும் போகக்கூடாது. ஒரு நிமிஷம் யோசித்தார்.

"நான் எதிர்த்துப் பேசுவேனா மகாராஜா? எல்லாச் சுவரும் என்றால் அரண்மனைச் சுவரும் உண்டே. முதல் மரியாதை அதற்குத்தானே செய்ய வேண்டும்?"

ராஜாவுக்கு ஒரே பூரிப்பு. நாலே நாளில் அரண்மனைக்குப் பட்டை அடித்தாயிற்று. தெருக்களைப் புரட்டாசிச் சனிக்கிழமை கழிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆராவமுதன் ஏற்பாடு செய்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை மலைக் கிராமத்து ஜனங்கள் பெருமாளைச் சேவிக்கப் பால்குடமும் துளசியுமாக வரும் நாள் அது. அவர்களுக்கு ஊரில் தெரிந்த ஒரே அடையாளம் பட்டை மதில். வடக்கு வழியாக வந்தால் முதலில் கண்ணில் படுவது அரண்மனை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்று உள்ளே நுழையப் போனார்கள்.

வாயிற்காவலன் பதறிப்போய், வாசலில் நின்ற ஆராவமுதனைப் பார்த்தான். "ஐயா, விடலாமா?"

"பட்டை மதிலுக்குள் போகும் பக்தரைத் தடுக்கக் கூடாது என்பது ராஜாவின் பாட்டனார் போட்ட சட்டம்" என்றார் அவர். காவலனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டான்.

உள்ளே கேசவராயர் சாப்பாடு முடிந்து, வலது கையில் தலையைத் தாங்கியபடி ஊஞ்சலில் கண் மூடிச் சாய்ந்திருந்தார். கால்மாட்டில் ராணியம்மா பாதம் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? சாட்சாத் பள்ளிகொண்ட பெருமாளும் தாயாரும்தான்.

இருநூறு பேர் தடாலென்று விழுந்து கும்பிட்டார்கள். ராஜா கண்ணைத் திறந்தார்.

"சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று ஓர் அம்மாள் அழுதே விட்டாள். ராஜா வாயைத் திறந்தார். வாயில் துளசியைப் போட்டார்கள். அந்த அம்மாள் அவர் காலை இறுகப் பிடித்துக்கொண்டு என்னவோ வேண்டிக்கொண்டாள். துளசி தொண்டையில் சிக்கிய ராஜா தலையைத் தலையை ஆட்டினார்.

கூட்டத்தில் கைகூப்பி நின்ற ஆராவமுதன் கண்ணில் பட்டார்.

"ஓய், இது கோயில் இல்லை என்று சொல்லித் தொலையும்."

"எப்படிச் சொல்வேன் மகாராஜா? சுவர் கோயில் என்கிறது. நான் இல்லை என்றால் உங்கள் ஆணையை எதிர்த்துப் பேசினவன் ஆவேன். எனக்கு ஏணி ஆகாது."

"எப்போதுதான் இவர்கள் போவார்கள்?"

"திருமஞ்சனம் முடிந்ததும் போய்விடுவார்கள். நூற்றெட்டுக் குடம்தான். பால், தயிர், அப்புறம் மஞ்சள் தண்ணீர்."

முதல் குடம் பால் ராஜாவின் தலையில் இறங்கியது. இரண்டாவது குடம் உயர்வதற்குள் அவர் ஊஞ்சலின் மேல் ஏறி நின்றுவிட்டார். "ஆணை ரத்து. பட்டையை அழியுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த நிறமோ அதுவே இருக்கட்டும்."

ஆராவமுதன் அதன் பிறகுதான் கூட்டத்துக்கு விஷயத்தை விளக்கி, கோயிலுக்கு அனுப்பிவைத்தார். ராஜா மீசையில் சொட்டிய பாலைத் துடைத்துக்கொண்டு, ஊஞ்சல் குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

"ஜெயித்துவிட்டீர் ஓய். அதுசரி, அந்த அம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டாள்?"

"கல்யாணமாகி ஆறு வருஷமான மகளுக்கு இரட்டைப் பிள்ளை வேண்டுமாம். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். விஷயத்தைச் சொன்ன பிறகும் அவள் கேட்கவில்லை. ராஜா வாக்கு சாமி வாக்கு மாதிரி என்று சந்தோஷமாகப் போய்விட்டாள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "ஐயையோ, இரட்டைப் பிள்ளைக்கு நான் எங்கே போவேன்?"

"பெருமாளிடம்தான் போக வேண்டும் மகாராஜா" என்றார் ஆராவமுதன். "நல்லவேளை, பட்டை மதில் இனி ஊரில் ஒன்றுதான். நீங்களும் வழி தவற மாட்டீர்கள்."