செவந்தியோட புள்ளை

குழலி, மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பு. "உனக்கு மட்டும் ஏன் அம்மா இனிஷியல்?"னு கிளாஸ்ல கேட்டாங்கன்னு சாயந்தரத்துலருந்து உம்முனு இருக்க. அதை அப்புறம் பாப்போம். கதை கேளு. ஆனா "ம்" கொட்டணும்.

"ம்."

ஒரு வானத்துல ஒரு குட்டிச் செவப்பு நட்சத்திரம். பேரு செவந்தி. நம்ம சூரியனுக்குப் பக்கத்து வீடுதான், ஆனா மங்கல், வெறுங்கண்ணுக்குத் தெரியமாட்டா. கோவம் மட்டும் ஜாஸ்தி. பளீர் பளீர்னு வெடிப்பா. அவளுக்கு ஒரே புள்ளை, உருண்டையா ஒரு குட்டிக் கல்லு. விர்ர்ருனு அம்மாவையே சுத்திச் சுத்தி வரும். ஆனா அப்படி ஒரு புள்ளை இருக்கறது யாருக்குமே தெரியாது.

"பாவம்."

பாவம்தான். அப்போ பூமியில நாச்சியார்னு ஒரு அக்கா, டெலஸ்கோப் வச்சு செவந்தியோட வெளிச்சத்தையே அளந்துக்கிட்டு இருந்தா. ஒரு நாள் வெளிச்சம் துளியூண்டு குறைஞ்சு திரும்ப வந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும். "யாரோ குறுக்க போறாங்க!"னு துள்ளுனா. அவளோட பெரிய சார் எட்டிப் பாத்துட்டு, "அட, அது செவந்தி மூஞ்சியில வந்த கருப்புப் பரு. அவ திரும்புறப்போ வந்து வந்து போகுது. இன்னொரு தடவை பாரு, சரியான நேரத்துக்கு வரலைன்னா விட்டுரு"ன்னார்.

பெத்த புள்ளையப் போயி பருன்னா எந்த அம்மாவுக்குப் பொறுக்கும்? நானா இருந்தா வெடிச்சிருப்பேன். செவந்திக்கும் குபுகுபுன்னு வந்துச்சு. ஆனா இப்போ வெடிச்சா அந்தப் பளபளப்புல புள்ளை தெரியாமப் போயிருமே! பல்லைக் கடிச்சுக்கிட்டு கம்முனு இருந்தா.

"அப்புறம்?"

அப்புறம் மூணாவது தடவை... மெதுவா... நாச்சியார் கணக்குப் போட்ட நேரத்துக்கு டாண்ணு வந்துச்சு! அதே அளவுதான் வெளிச்சம் குறைஞ்சுது. பரு அப்படி வராதுடி, இன்னைக்கு இருக்கும், நாளைக்கு அமுங்கிரும்.

அப்புறம் பாத்தா, செவந்தியே இப்படியும் அப்படியும் லேசா ஆடுறா. புள்ளை முந்தானையப் புடிச்சு இழுக்குது! மறைச்ச வெளிச்சத்தை வச்சு எவ்வளவு பெருசு, இழுத்த இழுப்பை வச்சு எவ்வளவு கனம்னு கண்டுபுடிச்சாங்க. "ஊதுன பலூன் இல்ல சார், நம்ம பூமி மாதிரி கெட்டிக் கல்லு!"ன்னா நாச்சியார். சார் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "சரிம்மா, பேரு வை"ன்னார்.

நட்சத்திரம் பாக்குறவங்க வழக்கம் என்ன தெரியுமா? மொதல்ல அம்மா நட்சத்திரத்தோட பேரு. அதுக்கப்புறம்தான் புள்ளைக்கு ஒரு எழுத்து. 'ஏ' அம்மாவுக்கு, அதனால புள்ளை 'செவந்தி பி'.

"அங்க எல்லாப் புள்ளைக்கும் அப்படியா?"

அங்க எல்லாத்துக்கும் அப்படித்தான்.

"அப்போ... நான் வே. குழலி."

ஆமாடி தங்கம். வேணியோட குழலி. நாளைக்குக் கேட்டா சத்தமா சொல்லு.

"ம்..."

கதை படுத்துருச்சு, நீயும் படு. முந்தானைய விடு... சரி சரி, புடிச்சுக்கோ.