பன்னிரண்டு வீட்டில் பால் காய்ச்சப் போனவர்

முன்னொரு காலத்தில் கொன்றையூரை அதிரூபவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மாலையில் மறந்துவிடுவார். மறக்காமல் பார்த்துக்கொள்வது தானாதிபதி பேரம்பலம். அதுவும் தமக்கு லாபமான சட்டமாக இருந்தால்.

தேர்முட்டித் தெருவில் பன்னிரண்டு வீடும் பேரம்பலத்துடையவை. அவர் குடியிருந்ததோ ராஜா கொடுத்த மாளிகையில். ஒருநாள் ராஜாவின் காதைக் கடித்து வாடகைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வாங்கினார். வீட்டுக்காரர் 'நானே குடிவரப் போகிறேன்' என்று சொன்னால் போதும். குடியிருப்பவர் மறுநாளே காலி செய்ய வேண்டும். அன்று சாயங்காலமே பன்னிரண்டு வாசலிலும் நின்று அதைச் சொன்னார். இரட்டை வாடகைக்கு ஆள் தயாராக இருந்தது.

கடைசி வீட்டில் ஆவுடையாள் அப்பம் சுட்டு விற்றாள். அடுப்பும் வாடிக்கையும் அங்கேதான். அதை விட்டால் பிழைப்பு போச்சு. கூரை ஒழுகுகிறது என்று மழைக்கு மழை சொல்லிப் பார்த்தவள். "பார்க்கலாம்" என்பார் பேரம்பலம்.

"திடீர்னு போகச் சொன்னா எங்கே போவேன் ஐயா?"

"சட்டம் வந்தாயிற்று."

மறுநாள் அவள் பாலும் பானையும் குத்துவிளக்குமாகச் சபையில் போய் நின்றாள்.

"என்னம்மா இது?" என்றார் ராஜா.

"தானாதிபதி ஐயா எங்க வீட்டுக்குக் குடிவர்றார் மகாராஜா. பால் காய்ச்சக் கூப்பிட வந்தேன். நீங்களும் வரணும்."

ராஜாவுக்கு விசேஷம் என்றால் உயிர். "புறப்படும், பேரம்பலம்!"

"வெளியே மழை, மகாராஜா..."

"நனைந்தால் கரைந்தா போய்விடுவீர்?"

ஆவுடையாள் வீட்டில் பேரம்பலம் அடுப்பை ஊத ஊத, ஒழுகும் கூரை அதை அணைத்துக்கொண்டே இருந்தது. பால் பொங்குமுன் மழைநீரில் பானை நிறைந்துவிட்டது. ராஜாவின் மகுடத்திலும் சொட்டியது.

"இந்த வீட்டிலா குடியிருக்கப் போகிறீர்?"

"இது மட்டுமா மகாராஜா?" என்றாள் ஆவுடையாள். "பன்னிரண்டுக்கும் தானே வர்றதாச் சொல்லியிருக்கார். முதல் வீட்டுல தலை வச்சு, எங்க வீட்டுல கால் நீட்டுவாரோ என்னவோ!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

"அப்படியானால் மாளிகை சும்மாத்தானே கிடக்கும்? என் கௌதாரிகளுக்கு இடம் போதவில்லை. நாளைக்கே காலி செய்யும்."

"மகாராஜா! திடீரென்று போகச் சொன்னால் எங்கே போவேன்?"

"நேத்து நானும் இதைத்தான் கேட்டேன்" என்றாள் ஆவுடையாள்.

ராஜா அங்கேயே திருத்தத்தை ரத்து செய்தார். அந்த வீட்டை ஆவுடையாளுக்கே கொடுத்தார்.

மறுநாள் மாளிகைக்குள் கௌதாரிகள் குடிபோயின. திருத்தம் போனதால் மற்ற பதினோரு வீட்டாரையும் அசைக்க முடியவில்லை. மூட்டை முடிச்சோடு பேரம்பலம் ஆவுடையாள் வாசலில் நின்றார்.

"முன்னறை காலியா இருக்கா தாயே?"

"இருக்கு. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. விருந்தாளி தங்கக் கூடாது. விளக்கு வச்சப்புறம் மாவு இடிக்கக் கூடாது. எல்லாம் நீங்க போட்ட நிபந்தனைதான்."

"சரி தாயே. கூரை ஒழுகினால்?"

"பார்க்கலாம்" என்றாள் ஆவுடையாள்.