படிக்கட்டுக்கு வந்த தலையணை

அதிகாரி வேலை கிடைத்ததும் மாரா சுத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. சுமத்ரா தீவின் மலைமேல் மினாங்கபாவ் இனத்தாரின் கிராமம் அது. அங்கே வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும். கட்டிக்கொண்டவன் தங்க வந்த விருந்தாளி, அவ்வளவுதான். இவரும் மனைவி நுர்சீமாவின் வீட்டில்தான் தங்கியிருந்தார்.

"நாளை மதியத்துக்குள் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு ஆண் முதலாளி என் முன்னால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வயல் எனக்கு!" என்று உத்தரவு போட்டார்.

ஊரே கலங்கிப்போய் நுர்சீமா வீட்டு வாசலில் கூடியது. எருமை மேய்க்கும் ஜமாரிஸ் மட்டும் சேற்றுக்காலோடு முன்னால் வந்து, ஐயா என்பதற்கு அங்கே சொல்லும் 'துவான்' என்ற சொல்லால் அவரை அழைத்தான்.

"உனக்கு ஏதடா வயல்?" என்றார் அதிகாரி.

"எனக்கு ஏது, துவான்? எங்கள் ஆண்களுக்கு முதலாளியாக நின்று பழக்கமில்லை. நீங்கள் ஒருமுறை நின்று காட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்."

அதிகாரி மீசையை முறுக்கினார். எருமைக் கொம்பாய் வளைந்த கூரைக்குக் கீழே நெஞ்சை நிமிர்த்தி நின்று, "இந்த வீட்டுக்கும் வயலுக்கும் நான்தான் முதலாளி!" என்று கத்தினார்.

மேலே ஜன்னல் திறந்தது. அவருடைய தலையணை படிக்கட்டில் வந்து விழுந்தது. பின்னாலேயே செருப்பும் தொப்பியும் விழுந்தன. மனைவி இப்படி வெளியே போட்டால் கல்யாணம் முடிந்தது என்பது அந்த ஊர் வழக்கம்.

ஜமாரிஸ் தலையணையைத் தூசி தட்டி எடுத்தான். "எந்த வீட்டுக்குக் கொண்டுவரட்டும், துவான்? அம்மா வீட்டுக்கா, அக்கா வீட்டுக்கா?"

அதிகாரி ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தார். "நுர்சீமா, உத்தரவை ரத்து பண்ணிவிட்டேன்."

"என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்? முதலாளி என்று கத்தினீர்களே, அதே குரலில் ஊருக்குச் சொல்லுங்கள்."

சொன்னார். அதற்குப் பிறகுதான் ஜமாரிஸ் தலையணையைப் படியேற்றினான்.