செக்குமாடு அளந்த நிலம்

கோரைக்குட்டை வற்றினால் அந்தக் காட்டு மிருகங்களுக்கு உயிர் வந்த மாதிரி. பங்குனி பிறந்ததும் தண்ணீரெல்லாம் வடிந்துபோகும். குட்டைத் தரை முழுக்க அருகம்புல் மொசுமொசுவென்று முளைக்கும். காடே காய்ந்து சருகாகக் கிடக்கிற நாளில் அங்கே மட்டும்தான் பச்சை.

அந்தப் புல்லுக்காக முன்பெல்லாம் வருஷா வருஷம் அடிதடி நடக்கும். கொம்பு ஒடிந்தவர்கள் உண்டு, காது கிழிந்தவர்கள் உண்டு. ஒரு வருஷம் எங்கிருந்தோ ஒரு மாடு வந்து சேர்ந்தது. பதினோரு வருஷம் எண்ணெய்ச் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு அறுந்த அன்றைக்கு ஓடி வந்த மாடு. பேர் தாண்டவன்.

"ஏன் அடிச்சுக்கிறீங்க? நான் அளந்து தர்றேன்" என்றது தாண்டவன். "எனக்குக் கணக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுன்னு பதினோரு வருஷமா எண்ணினவன் நான்."

கணக்குத் தெரியும் என்று யாராவது சத்தமாகச் சொன்னால் போதும், தெரியாதவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தக் காட்டிலும் அப்படித்தான். அன்றிலிருந்து தாண்டவன் அளந்ததுதான் அளவு. ஒவ்வொரு நிலத்தையும் அது ஒரு தடவை சுற்றி வரும். நாலு காலும் ஒருமுறை நகர்ந்தால் ஒரு தப்படி. சுற்றி நாற்பது தப்படி வந்தால் ஒரு குடும்பத்துக்குப் பங்கு. மீந்த இடம் முதலில் கேட்டவருக்கு. அடுத்தவர் எல்லைக்குள் வாய் வைத்தால் இருக்கிற பங்கும் போய்விடும்.

இந்த வருஷம் நடுக்குட்டையில் ஒரு நிலம் கலைமான் கொம்பையாவுக்கு விழுந்தது. அந்தப் பக்கம் பத்து, இந்தப் பக்கம் பத்து, நாலு பக்கமும் பத்துப் பத்து. அங்கே நின்றால் நாலு திசையிலிருந்தும் தன் முறுக்குக் கொம்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால் கொம்பையா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் கேட்டால் தாண்டவன் இல்லை என்று சொல்லாது.

கடைசியாகச் செம்பி வந்தாள். செம்பி ஒரு முயல். புருஷனை ஐப்பசியில் பருந்து தூக்கிப் போய்விட்டது. கையில் நாலு குட்டிகள். கூட்டத்தில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள். எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் மெல்ல முன்னால் வந்து நின்றாள்.

தாண்டவன் கரையோரமாக நடந்தது. பத்தொன்பது தப்படி போனது. திரும்பி ஒன்று. மறுபடியும் பத்தொன்பது. ஒன்று.

"நாற்பது. போ, போய்ப் பிள்ளைங்களை மேய விடு."

செம்பி அந்த இடத்தைப் பார்த்தாள். ஒற்றையடிப் பாதை மாதிரி நீட்டமாகக் கிடந்தது. கொம்பையாவின் நிலத்தையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணே," என்றாள். "என்னோடது சின்னதாத் தெரியுதே."

"கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கண்ணு பொய் சொல்லும், காலு சொல்லாது. அவருக்கும் நாற்பது, உனக்கும் நாற்பது. நாற்பதும் நாற்பதும் ஒண்ணா இல்லையா?"

"ஒண்ணுதான்."

"அப்புறம் என்ன?"

செம்பி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறாம் நாள் கரையோரத்தில் புல் தீர்ந்துவிட்டது. குட்டிகள் மண்ணைக் கீறி வேரைக் கடித்தன. கொம்பையாவின் நிலத்திலோ அவனும் அவன் பெண்சாதி மருதியும் மூன்று மான்குட்டிகளும் தின்றதுபோக முக்கால்வாசிப் புல் அப்படியே நின்றது.

"ஏன்டி செம்பி, அதுக்குள்ள தீர்த்துட்டியா?" என்று பக்கத்து நிலத்துக் கௌதாரி கேட்டது. "உன் வீட்டுல வயிறா வச்சிருக்கீங்க, குதிரா?"

கொம்பையா அதைக் கேட்டுச் சிரித்தான். "சிக்கனம் தெரியாத பொம்பளை. நாற்பதுல நாங்க அஞ்சு பேரு மரியாதையாச் சாப்பிடலையா? அதுவும் நாங்க மானு. அவ முயலு."

செம்பிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஒருவேளை நம் பிள்ளைகள்தான் அதிகம் தின்கின்றனவோ என்றுகூட நினைத்தாள். அன்றைக்கு மத்தியானம் வேரில் தன் பங்கையும் தின்னாமல் குட்டிகளுக்கு விட்டாள். அப்படியும் போதவில்லை. கடைக்குட்டி எழுந்து நிற்க முடியாமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது.

மறுநாள் காலையில் குட்டிகள் பசியை மறக்க ஒரு விளையாட்டு விளையாடின. காய்ந்த பிரண்டைக் கொடி ஒன்றின் இரண்டு முனையையும் முடிந்து வளையமாக்கித் தரையில் போட்டன. நாலும் அதற்குள் உட்கார்ந்தன. இடம் இன்னும் இருந்தது. அப்புறம் பெரியவன் ஒரு பக்கமும் அடுத்தவள் எதிர்ப் பக்கமும் வெளியே நின்று கொடியைப் பிடித்து இழுத்தார்கள். வளையம் நீண்டது. நீள நீள ஒடுங்கியது. உள்ளே இருந்த இரண்டு குட்டிகளும் நசுங்கி, கத்திக்கொண்டு வெளியே குதித்தன. கடைசியில் கொடி இரட்டைக் கோடாகக் கிடந்தது. நடுவில் ஒரு புல் நுழைய இடமில்லை.

செம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொடியை யாரும் வெட்டவில்லை. அதே நீளம்தான். சுற்றி நடந்தால் அதே தப்படிதான். உள்ளே இருந்த இடம் மட்டும் எங்கே போயிற்று?

அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் பிள்ளைகளை எண்ணத் தெரியும். தரையில் தப்படிக்கு ஒரு கோடு கிழித்தாள், குட்டிகள் பாண்டி ஆடக் கட்டம் போடுவதுபோல. ஒரு கட்டத்துக்கு ஒரு கூழாங்கல் வைத்தாள். தன் நிலத்தில் ஒரே வரிசை. பத்தொன்பது கல்லோடு முடிந்தது. கொம்பையாவின் நிலத்தை எல்லைக்கு வெளியே நின்று எண்ணினாள். ஒரு வரிசைக்குப் பத்து. அப்படிப் பத்து வரிசை. நூறு.

இரண்டாம் தடவையும் எண்ணினாள். நூறுதான். அவளுக்கே நம்ப முடியவில்லை. சுற்று ஒன்றாக இருக்க, உள்ளே ஐந்து மடங்கு!

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அன்றைக்கே கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். கொடியைப் போட்டுக் காட்டினாள். இழுத்துக் காட்டினாள். கட்டத்தையும் சொன்னாள்.

தாண்டவன் கொடியை முகர்ந்து பார்த்தது. "இது பிரண்டை. அது நிலம். பிரண்டையை இழுக்கலாம், நிலத்தை இழுக்க முடியுமா?"

"இழுக்கலைண்ணே. இழுத்த மாதிரி நீங்கதான் அளந்து குடுத்துட்டீங்க."

"யாருக்கு யாரு கணக்குச் சொல்றது!" என்றான் கொம்பையா. "பதினோரு வருஷம் சுற்றின மாட்டுக்கு, பிள்ளை பெத்துப் போடுற முயல் பாடம் எடுக்குது."

"கல்லு பொறுக்கி எண்ணுறாளாம், கல்லு" என்றது கௌதாரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாண்டவன் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியட்டும் என்று இரண்டு நிலத்தையும் மறுபடியும் சுற்றி வந்தது. நாற்பது. நாற்பது.

"சந்தேகம் தீர்ந்துதா?"

செம்பி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிப் புரியவைக்கிற ஆட்கள் இவர்கள் இல்லை என்பது மட்டும் அவளுக்குத் தீர்ந்துபோயிற்று. இவர்களுக்கு எண்தான் வேண்டும். சரி, எண்ணையே கொடுப்போம்.

"தப்புத்தாண்ணே" என்றாள் மெல்ல. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரு உதவி. என் கரையோரத்துக்கு அந்தாண்ட புளியமரம் வரைக்கும் அதே அகலத்துல ஒரு கீற்று மீந்து கிடக்கு. யாரும் கேட்கலை. அதையும் சேர்த்து அளந்து குடுங்க."

மீந்த இடம் கேட்டவருக்கு என்பது தாண்டவனே போட்ட விதி. அளக்கச் சொன்னால் அதற்குச் சந்தோஷம்தான். கரையோரமாகப் போனது. இருபத்தொன்பது. திரும்பி ஒன்று. மறுபடியும் இருபத்தொன்பது. ஒன்று.

"அறுபது!" என்று தாண்டவன் கூவியது. இதுவரை அந்தக் குட்டையில் யாருக்கும் அறுபது வந்ததில்லை.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"அம்மாடி, அறுபதா!" என்றது கௌதாரி. "செம்பி அக்கா, நீங்க பெரிய ஆளுதான்." நேற்று டி போட்டுப் பேசிய வாய்.

கொம்பையாவின் காது இரண்டும் விறைத்தன. முயலுக்கு அறுபது, தனக்கு நாற்பதா? ஊரில் யார் மதிப்பார்கள்?

"ஏ செம்பி," என்றான். "அறுபதை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போறே? இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக் காவல் காக்க உன்னால ஆகுமா? எனக்குக் குடு. என் நாற்பதை நீ எடுத்துக்கோ."

"ஐயையோ, வேண்டாங்கய்யா. நான் பிள்ளைக்காரி. அறுபதைக் குடுத்துட்டு நாற்பது வாங்கினா என் பிள்ளைங்க நாளைக்கு என்னைக் கேட்காதா?"

"நான் கேட்கிறேன்ல!"

மருதி அவன் காதோரம் வந்து, "வேண்டாங்க, இங்க புல்லு நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"உனக்கு என்னடி தெரியும்? அறுபது பெரிசா, நாற்பது பெரிசா?"

"அறுபதுதான் பெரிசு. ஆனா..."

"ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை."

செம்பி தயங்குவதுபோல மண்ணைக் கீறினாள். "பெரியவங்க கேட்கிறீங்க. மறுத்தா மரியாதை இல்லை. ஆனா அப்புறம் திருப்பிக் கேட்கக் கூடாது. கூட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிடுங்க."

"கேட்க மாட்டேன். தாண்டவா, நீ சாட்சி."

தாண்டவன் குளம்பால் தரையைத் தட்டியது. மாற்று முடிந்தது. செம்பி குட்டிகளை நடுக்குட்டைக்குக் கூட்டிப்போனாள். கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போனாள். முழங்கால் உயரப் புல்லில் இறக்கிவிட்டதும் அது நிற்கக்கூட முயலவில்லை. படுத்தபடியே தின்ன ஆரம்பித்தது.

கொம்பையா கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தான். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "அறுபது" என்றான். "நம்ம இடம், அறுபது."

அதில் பாதிக்கு மேல் செம்பியின் குட்டிகள் ஏற்கெனவே வேரோடு தின்ற இடம். புளியமரத்துப் பக்கம் இருந்த பத்துக் கட்டப் புல் இரண்டு நாளில் தீர்ந்தது. மூன்றாம் நாள் மான்குட்டிகள் அழுதன.

"தாண்டவா! என் நிலத்துல யாரோ திருடியிருக்காங்க. அளந்து பாரு."

தாண்டவன் சுற்றியது. "அறுபது இருக்குங்களே. ஒரு தப்படிகூடக் குறையலை."

"அப்ப புல்லு எங்கடா?"

"புல்லு என் கணக்குல வராதுங்க" என்றது தாண்டவன், ரொம்பவும் மரியாதையாக.

கொம்பையா நேரே செம்பியிடம் போய் எல்லையில் நின்றான். முன்போல அதட்ட முடியவில்லை. "ஏதோ மந்திரம் பண்ணிட்டே. அறுபதைச் சுருக்கிட்டே."

"மந்திரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்கய்யா. கல்லு பொறுக்கி எண்ணத்தான் தெரியும். உங்க கரையில ஒரே வரிசை, இருபத்தொன்பது கட்டம். இங்க பத்து வரிசை, நூறு. அன்னைக்கே சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டிருந்தீங்க, காதுல விழலை போல."

"அறுபதை விட நாற்பது எப்படிடி பெரிசாகும்?"

"ஆகாதுங்க. அறுபதுதான் பெரிசு. வேணும்னா அறுபதையே கடிச்சுத் தின்னுங்க."

கௌதாரி சிரித்தது. அதற்கு எந்தப் பக்கமும் சிரிக்கத் தெரியும்.

கொம்பையா எல்லையைத் தாண்டக் காலைத் தூக்கினான். தாண்டினால் இருக்கிற பங்கும் போகும். தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தான். பின்னால் மருதியும் மூன்று குட்டிகளும் நின்றார்கள். அவள் குட்டியின் விலா எலும்பைச் செம்பி பார்த்தாள். பசித்த குட்டி எப்படிச் சாயும் என்று அவளுக்குத் தெரியும்.

"மருதி அக்கா, நீங்க பிள்ளைங்களோட உள்ள வாங்க. நானே கூப்பிட்டா விதி உடையாது. அவரு அங்கேயே நிக்கட்டும். அறுபது தப்படிக்குச் சொந்தக்காரரு, நம்ம நாற்பதுல வந்து ஏன் கௌரவம் குறையணும்?"

மருதி குட்டிகளை முன்னால் விட்டுத் தானும் உள்ளே போனாள். புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மழை வரும்வரை கொம்பையா சருகு தின்றான். தாண்டவன் தினமும் கரையோர நிலத்தைச் சுற்றி வந்து, அறுபது சரியாக இருக்கிறது என்று அவனுக்கு ஆறுதல் சொன்னது. நடுக்குட்டையின் உள்ளே மட்டும் அது ஒரு தடவையும் இறங்கிப் பார்க்கவில்லை.

சுற்றி வந்து எண்ணியதையே அறிவென்று நம்பி, உள்ளே இருப்பதை எண்ணிக் காட்டியவரை எளியவர் என்று சிரிப்பவர், தம் வாயாலேயே தம் சோற்றை இழப்பார்.